வெள்ளைக் கைக்குட்டையும் வாக்குச் சீட்டும்

2020-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22-ஆம் நாள். ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரிலுள்ள கேம்ப் நூ என்னும் மாபெரும் விளையாட்டரங்கில் அந்நகரக் கால்பந்துக் கழகம், எய்பார் என்னும் சிறு நகரத்துக் கழகத்தை எதிர்த்து ஆடியது. ஆட்டம் முடிந்தபோது பார்சிலோனா ஐந்து கோல்கள் போட்டிருந்தது. எதிரணி ஒரு கோல்கூடப் போடவில்லை. ஐந்தில் நான்கு, லயனல் மெஸ்ஸி என்ற ஒரே ஆட்டக்காரர் போட்டவை.

இத்தகைய நாளில் ரசிகர்களின் உள்ளத்தில் மகிழ்ச்சி மட்டுமே இருந்திருக்கும் என்றுதானே நாம் எண்ணுவோம்? ஆனால் அன்று ஆட்டம் தொடங்குமுன்பே இருக்கைகளில் வெள்ளைக் கைக்குட்டைகள் அசைந்தன. தலைவர் அமரும் மாடத்தை நோக்கிச் சீழ்க்கை ஒலி எழுந்தது. 'பதவி விலகு' என்ற குரலும் கேட்டது. நம் நாட்டில் சீழ்க்கை பெரும்பாலும் களிப்பின் அடையாளம்; அந்நாட்டிலோ அது வெறுப்பின் அடையாளம். வெள்ளைக் கைக்குட்டையை அசைப்பதும் ஆட்ட அரங்கில் பெரும்பாலும் கண்டனத்தையே குறிக்கும். அன்று கண்டனத்துக்கு இலக்கானவர் ஆட்டக்காரர் அல்லர், பயிற்சியாளரும் அல்லர். கழகத்தின் தலைவர் ஜோசப் மரியா பர்தொமேயு என்பவரே.

அதே ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் அவர் பதவியைத் துறந்தார். கைக்குட்டை அசைந்த நாளுக்கும் பதவி துறந்த நாளுக்கும் இடையே எட்டுத் திங்கள். அவர் போய்விடுவார் என்று ஊரே எதிர்பார்த்துக் காத்திருந்த காலம் அது. அக்காத்திருப்பில் ரசிகர்கள் என்ன செய்தார்கள், அதைச் செய்யும் உரிமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதே இன்றைய உரையின் பொருள். 'விளையாட்டுச் செய்திக்கு வரலாற்று உரையில் இடம் உண்டா?' என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். மக்கள் ஓர் உரிமையைப் பெற்ற கதையும், பெற்ற உரிமையைக் கையாண்ட கதையும் எங்கு நிகழ்ந்தாலும் வரலாறே.

பார்சிலோனாக் கழகத்தின் பிறப்பு மிக எளியது. ஹான்ஸ் காம்பர் என்ற சுவிட்சர்லாந்து நாட்டு இளைஞர் அந்நகரில் குடியேறியிருந்தார். கால்பந்து ஆடத் துணை வேண்டி, 1899-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் ஒரு விளையாட்டு இதழில் சிறு விளம்பரம் கொடுத்தார். விருப்பமுள்ளோர் வந்து கூடினர். அவ்வாண்டு நவம்பர் 29-ஆம் நாள் கழகம் உருவாயிற்று. அதற்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. பங்குதாரர் என்றும் எவருமில்லை. சந்தா செலுத்திய உறுப்பினர்களே உரிமையாளர்கள். நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தை நினைத்துக் கொண்டால் இவ்வமைப்பு எளிதில் விளங்கும். உறுப்பினர் கூடி நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பர். குழுவின் தலைவரே கழகத்தை நடத்துவார்.

1908-ஆம் ஆண்டில் கழகம் மூடப்படும் நிலைக்கு வந்துவிட்டது. அப்போது எஞ்சியிருந்த உறுப்பினர் 38 பேரே என்பர். காம்பர் தாமே தலைமையை ஏற்று வீடு வீடாகச் சென்று ஆதரவு திரட்டிக் கழகத்தை மீட்டார். பிற்காலத்தில் உறுப்பினர் தொகை ஓரிலட்சத்தையும் கடந்தது. அந்தப் பெருங்கூட்டத்திற்கு வித்து இந்த 38 பேர் என்பதை மறத்தல் ஆகாது.

பார்சிலோனா நகரம் கட்டலோனியா என்னும் நிலப்பகுதியின் தலைநகரம். அங்கு வாழ்வோர்க்குத் தனி மொழி உண்டு. தனிப் பண்பாடும் உண்டு. 1923-ஆம் ஆண்டில் ஸ்பெயினின் ஆட்சியைக் கைப்பற்றிய படைத்தலைவர் பிரிமோ தெ ரிவேரா அம்மொழியின் பொது வழக்கை ஒடுக்கினார். 1925-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள், கழகத்தின் பழைய மைதானமான லெஸ் கோர்ட்ஸில் ஓர் ஆட்டம் நடைபெற்றது. பிரிட்டிஷ் கடற்படையினரின் இசைக்குழு ஸ்பெயின் நாட்டுப் பண்ணை இசைத்தபோது கூட்டம் சீழ்க்கையடித்தது. பிரிட்டிஷ் நாட்டுப் பண்ணை இசைத்தபோது கைதட்டியது. அரசு சினங்கொண்டு, ஆறு திங்களுக்கு மைதானத்தை மூடுமாறு ஆணையிட்டது. பின்னர் இக்காலம் குறைக்கப்பட்டது. எனினும், கழகத்தைப் பெற்று வளர்த்த காம்பர் தலைமைப் பதவியை விட்டு நீங்கவும் நாட்டை விட்டுச் சிறிதுகாலம் விலகியிருக்கவும் நேர்ந்தது. அக்கழகத்தின் தலைவர் ஒருவர் பதவியை இழந்தார். ஆனால் இழக்கச் செய்தவர் உறுப்பினர் அல்லர், அதிகாரத்தில் இருந்தோர்.

அடுத்து நேர்ந்தது இன்னும் கொடியது. 1936-ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் திங்களில், அப்போதைய தலைவர் ஜோசப் சுன்யோல், மாட்ரிட் நகருக்கு வடக்கேயுள்ள மலைப்பகுதியில் பிராங்கோவின் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1939-இல் போர் முடிந்து பிராங்கோவின் ஆட்சி நிலைபெற்றது. கழகத்தின் பெயர் மாற்றப்பட்டது. சின்னத்திலிருந்த கட்டலோனியக் கொடியின் கோடுகளும் மாற்றப்பட்டன. தலைவராக யார் அமர்வது என்பதை மேலிருந்தோர் முடிவு செய்தனர்.

வாக்கு இல்லாத மக்கள் தம் கருத்தை எவ்வாறு தெரிவிப்பர்? 1951-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று இதற்கு விடை தருகிறது. பார்சிலோனா நகரில் டிராம் வண்டிக் கட்டணம் 50 சென்டிமோவிலிருந்து 70 சென்டிமோவாக உயர்த்தப்பட்டது. மார்ச் முதல் நாள் தொட்டு மக்கள் டிராமில் ஏறாமல் நடந்தார்கள். மார்ச் 4-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. லெஸ் கோர்ட்ஸில் ஆட்டம். ஆட்டம் முடிந்து வெளியே வருவோரை ஏற்றிச் செல்ல டிராம்கள் காத்து நின்றன. மழையோ பெய்துகொண்டிருந்தது. மழைக்கு அஞ்சி மக்கள் ஏறிவிடுவார்கள் என்று அதிகாரிகள் எண்ணியிருக்கலாம். கூட்டம் வெளியே வந்தது. வெற்று டிராம்களைக் கடந்து நனைந்தபடியே வீடு நோக்கி நடந்தது. பின்னர்க் கட்டண உயர்வு கைவிடப்பட்டது. வாய் திறக்க இயலாத காலத்தில் கால்கள் பேசின.

1975-இல் பிராங்கோ மறைந்தார். நாடு மக்களாட்சிக்குத் திரும்பியது. 1978-ஆம் ஆண்டு கழக உறுப்பினர்கள் தேர்தலில் வாக்களித்து, கட்டடத் தொழில் நடத்திய ஜோசப் லூயிஸ் நூன்யெஸ் என்பவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். 1990-ஆம் ஆண்டில் வந்த விளையாட்டுச் சட்டம், கடனில் மூழ்கிய தொழில்முறைக் கழகங்கள் பங்கு நிறுவனங்களாக மாற வேண்டும் என்று விதித்தது. அவ்விதியினின்று விலக்குப் பெற்றவை நான்கே: பார்சிலோனா, ரியல் மாட்ரிட், பில்பாவோ நகரின் அத்லெட்டிக், பம்ப்லோனா நகரின் ஒசாசூனா. இந்நான்கும் உறுப்பினரின் உடைமையாகவே நின்றன. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும், கண்டனத் தீர்மானம் கொணர்ந்து அவரை இடைக்காலத்தில் நீக்கும் உரிமையும் உறுப்பினர் கையிலேயே இருந்தன.

அந்த உரிமை எவ்வாறு கையாளப்பட்டது? மூன்று நிகழ்ச்சிகளைக் காண்போம்.

முதலாவது, 1998-ஆம் ஆண்டு நிகழ்ச்சி. அதற்கு இரண்டாண்டு முன்னர், ரசிகர்களின் பேரன்பைப் பெற்றிருந்த பயிற்சியாளர் யோகான் கிரைஃப் என்பவரை நூன்யெஸ் நீக்கியிருந்தார். அம்மனக்கசப்பு ஆறவில்லை. 'நீல யானை' என்று பொருள்படும் பெயருடன் ஓர் எதிர்ப்புக் குழு எழுந்தது. அதை முன்னின்று நடத்தியவர் ஜோவான் லபோர்த்தா என்னும் இளம் வழக்கறிஞர். 1998 மார்ச் 7-ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. தலைவரை நீக்க வேண்டும் என்றோர் சுமார் 14,000 பேர். வேண்டா என்றோர் ஏறக்குறைய 25,000 பேர். நூன்யெஸ் நிலைத்தார். பின்னர் 2000-ஆம் ஆண்டில், 22 ஆண்டுத் தலைமைக்குப் பின் தாமே விலகினார். உரத்து எழுந்த குரல் பெரும்பான்மையின் குரல் ஆகிவிடாது என்பதை அவ்வாக்கெடுப்பு காட்டியது.

இரண்டாவது, 2008-ஆம் ஆண்டு. அன்று எதிர்ப்புக் குழுவை நடத்திய லபோர்த்தாவே இப்போது தலைவர், 2003-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 2006-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணி பின்னர்ச் சோர்வுற்றது. 2008-இல் கோப்பை ஒன்றும் இல்லை. ஸ்பெயின் லீகில் ரியல் மாட்ரிடுக்கு 18 புள்ளிகள் பின்தங்கியது. உறுப்பினர் கையொப்பம் திரட்டிக் கண்டனத் தீர்மானம் கொணர்ந்தனர். ஜூலை 6-ஆம் நாள் வாக்களித்தோரில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் 'நீக்குக' என்றனர். ஆயினும் விதி மூன்றில் இரண்டு பங்கு கேட்டது. ஆறு பங்கு போதவில்லை, தலைவர் தப்பினார். அவமானம் தாளாமலோ கொள்கை வேறுபாட்டாலோ நிர்வாகக் குழுவினர் எண்மர் சில நாளில் விலகினர்.

இதன் பின்விளைவை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வாக்கெடுப்புக்கு முன்பே அந்நிர்வாகம் பெப் குவார்தியோலா என்ற இளைஞரைப் பயிற்சியாளராக நியமித்திருந்தது. முதல்தர அணியைப் பயிற்றிய அனுபவம் அவருக்கு அதுவரை இல்லை. 2009-ஆம் ஆண்டு அவருடைய அணி ஸ்பெயின் லீக், அரசர் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை ஆகிய மூன்றையும் ஒரே பருவத்தில் வென்றது. நூற்றுக்கு அறுபது பேர் வெளியேற்ற விரும்பிய நிர்வாகத்தின் நியமனம் அது! மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற விதியை வகுத்தோர் இதனை முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. ஆனால், வெகுளி ஒரு பருவத்தது, கழகம் பல தலைமுறைக்கு உரியது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

மூன்றாவது நிகழ்ச்சி, நாம் தொடக்கத்தில் கண்ட 2020-ஆம் ஆண்டினது. பர்தொமேயு 2014-இல் பொறுப்பேற்று, 2015-இல் தேர்தலிலும் வென்றவர். அவ்வாண்டும் அணி மூன்று கோப்பைகளை வென்றிருந்தது. 2017-இல் நெய்மார் என்ற ஆட்டக்காரரைப் பாரிஸ் நகரக் கழகம் 222 மில்லியன் யூரோ கொடுத்து அழைத்துச் சென்றது. வந்த பணத்தையும் அதற்கு மேலும் செலவிட்டுப் பார்சிலோனா புதியோரை வாங்கியது. டெம்பெலே, குட்டீன்யோ, கிரீஸ்மன் ஆகிய மூவர்க்கும் தனித்தனியே 100 மில்லியனுக்கு மேல் விலை. ஊதியச் சுமை ஏறியது, கடனும் ஏறியது, ஐரோப்பியக் கோப்பை மட்டும் கைக்கு எட்டவில்லை. 2017-இலேயே கண்டனத் தீர்மானத்திற்குக் கையொப்பம் திரட்ட ஒரு முயற்சி நடந்தது. வேண்டிய தொகை சேராமையால் அது கைவிடப்பட்டது.

2020 பிப்ரவரியில் ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. கழகம் பணம் கொடுத்து அமர்த்திய நிறுவனம் ஒன்று, சமூக வலைத்தளங்களில் தலைவரைப் புகழ்ந்தும் கழகத்தின் சொந்த ஆட்டக்காரரையும் எதிர்க்கட்சியினரையும் இகழ்ந்தும் எழுதியது என்பதே அது. கழகம் அதை மறுத்தது. ஆனால் ரசிகர் உள்ளம் ஆறவில்லை. அந்த வாரத்தில்தான் வெள்ளைக் கைக்குட்டைகள் அசைந்தன. ஏப்ரலில் நிர்வாகக் குழுவினர் அறுவர் விலகினர்.

இதற்கிடையே பெருந்தொற்று வந்தது, அரங்குகள் அடைபட்டன. ஆகஸ்ட் 14-ஆம் நாள் லிஸ்பன் நகரில், பார்வையாளரே இல்லாத மைதானத்தில், பார்சிலோனா ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் அணியிடம் எட்டுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றது. ஆகஸ்ட் 25-ஆம் நாள் மெஸ்ஸி, தாம் கழகத்தை விட்டுச் செல்ல விரும்புவதாக எழுத்து மூலம் தெரிவித்தார். பதின்மூன்று வயதில் அங்கு வந்து, அங்கேயே வளர்ந்தவர் அவர். பத்து நாள் கழித்து, தம் வாழ்வாகிய கழகத்தை நீதிமன்றத்திற்கு இழுக்க விரும்பாமையால் தங்குவதாகச் சொன்னார். நிர்வாகத்தின் மீதுள்ள மனக்குறையை மட்டும் அவர் மறைக்கவில்லை.

ரசிகர்கள் இப்போது என்ன செய்வர்? அரங்கம் பூட்டிக் கிடந்தது. கைக்குட்டை அசைக்க இடமில்லை, சீழ்க்கையடிக்கவும் இடமில்லை. அவர்கள் கழக விதிநூலைத் திறந்தனர். வாக்குரிமை உடையோரில் நூற்றுக்கு 15 பேர் கையொப்பமிட்டால் கண்டனத் தீர்மானம் வாக்குக்கு வரும் என்றது விதி. சற்றேறக்குறைய 16,500 கையொப்பம் தேவை. காலமோ இரண்டு மூன்று வாரமே. தொற்றுக் காலத்தில் மக்களை நெருங்குவதும் அரிது. ஆயினும் செப்டம்பர் 17-ஆம் நாள் 20,000-க்கு மேற்பட்ட கையொப்பத் தாள்கள் கழக அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டன. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபின், தேவைக்கு மேலாகவே செல்லுபடியான தாள்கள் எஞ்சின.

தலைவர் நீங்குவது உறுதி என்ற பேச்சு எங்கும் பரவியது. நிர்வாகமோ, தொற்றுக் காலத்தில் வாக்கெடுப்பு தகாது, காலம் நீட்டிக்க வேண்டும் என்றது. கட்டலோனிய அரசு, வாக்கெடுப்புக்குச் சட்டத் தடை இல்லை என்று விடையளித்தது. அக்டோபர் 26-ஆம் நாள்கூடப் பர்தொமேயு, விலகக் காரணம் இல்லை என்றே சொன்னார். மறுநாள் தம் குழுவினர் அனைவருடனும் விலகினார். வாக்குப் பெட்டி திறக்கப்படுமுன்பே அது தன் பணியை முடித்துவிட்டது.

இனி, வாக்குப் பெட்டியே இல்லாத ஓரிடத்தைக் காண்போம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கழகம் 1878-இல் இருப்புப்பாதைத் தொழிலாளரால் தொடங்கப்பட்டது. 2005-ஆம் ஆண்டு கிளேசர் என்ற அமெரிக்கக் குடும்பம் அதனை வாங்கியது. வாங்குவதற்குப் பெற்ற கடனின் பெரும்பகுதி கழகத்தின் மீதே ஏற்றப்பட்டது. ரசிகர் சிலர் மனமுடைந்து வெளியேறித் தமக்கென வேறொரு சிறு கழகத்தைத் தொடங்கினர். 2010-இல் ஆயிரக்கணக்கானோர், தொழிலாளர் காலத்துப் பழைய நிறமான பச்சையும் பொன்னிறமும் கொண்ட கழுத்துத் துணியை அணிந்து வந்தனர்.

2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள், ஐரோப்பாவின் பன்னிரண்டு பெருங்கழகங்கள் தமக்கெனத் தனி லீக் அமைப்பதாக அறிவித்தன. பார்சிலோனாவும் அவற்றுள் ஒன்று. ரசிகர் கொதித்தெழவே, இரண்டே நாளில் ஆங்கிலக் கழகங்கள் ஆறும் பின்வாங்கின. அன்றே மான்செஸ்டர் கழகத்தின் தலைமை நிர்வாகி எட் வுட்வர்ட் பதவி விலகப் போவதாக அறிவிப்பு வந்தது. பல்லாண்டாக ரசிகர் வேண்டி நின்ற செய்தி அது. ஆனால் அவர்கள் அமைதியடையவில்லை. மே 2-ஆம் நாள் ஒரு கூட்டம் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்துக்குள் புகுந்தது. அன்று லிவர்பூலுடன் நிகழவிருந்த ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. காவலரும் காயமுற்றனர். நிர்வாகி போனால் என்ன, உரிமையாளர் இருக்கிறாரே என்பது அவர்களுடைய கவலை. உரிமையாளரை மாற்றும் சீட்டு அவர்கள் கையில் இல்லை.

இரு நகரத்து ரசிகர்களின் அன்பில் குறைவு கூடுதல் இல்லை, சினத்திலும் இல்லை. வேறுபாடு, அந்தச் சினம் சென்று சேர ஒரு வாயில் இருந்ததா இல்லையா என்பதே. வாயிலுள்ள இடத்தில் அது கையொப்பமாயிற்று; வாயிலில்லாத இடத்தில் சுவரை மோதிற்று.

பார்சிலோனாவின் கதையை இங்கே நிறுத்தினால் பாடம் பாதியாகிவிடும். 2021 மார்ச் 7-ஆம் நாள் புதிய தேர்தல் நடந்தது. 55,000-க்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். மெஸ்ஸியும் தம் மகனுடன் வந்து வாக்களித்தார். நூற்றுக்கு 54 வாக்குப் பெற்று லபோர்த்தா மீண்டும் தலைவரானார். எதிர்த்தவர், எதிர்க்கப்பட்டவர், மீண்டும் அழைக்கப்பட்டவர் என்னும் மூன்று நிலையையும் ஒரே மனிதர் கண்டார். ரசிகர்கள் நல்ல காலம் பிறந்தது என்றனர். ஆகஸ்ட் திங்களில், லீகின் ஊதிய வரம்பு இடங்கொடாமையால் மெஸ்ஸி கழகத்தை விட்டுச் செல்ல நேர்ந்தது. விடைபெறும் மேடையில் அவர் கண்ணீர் விட்டார். சில நாளில் புதிய தலைவர், கழகத்தின் கடன் 1,350 மில்லியன் யூரோ என்று அறிவித்தார். பழைய தலைவர் தம் பக்க நியாயத்தை எழுதி வெளியிட்டார். தலைவரை மாற்ற எட்டுத் திங்கள் போதும். கடனைத் தீர்க்கப் பல்லாண்டு வேண்டும்.

மாணவ நண்பர்களே! பலகாலம் பள்ளியில் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்று சொல்லி முடிக்கிறேன். நாளை நீங்கள் சங்கங்களில் உறுப்பினராவீர்கள். ஊராட்சிக்கும் நாட்டுக்கும் வாக்களிப்பீர்கள். பொறுப்பிலுள்ளவர் தவறினார் என்று உங்களுக்குத் தோன்றும் நாளும் வரும். அன்று முதலில் எழுவது குரலே, அதில் தவறில்லை. ஆனால் குரலோடு நின்றுவிடாமல் விதிநூலைப் படியுங்கள். ஒத்த கருத்துடையோரைத் தேடுங்கள். உங்கள் பெயரை எழுதிக் கையொப்பமிடும் துணிவு உண்டா என்று நெஞ்சைக் கேளுங்கள். கூட்டத்தில் கைக்குட்டையை அசைப்பவருக்குப் பெயர் இல்லை. கையொப்பமிடுபவருக்குப் பெயர் உண்டு. அதனால் பொறுப்பும் உண்டு. ஒருவரை நீக்கியபின், அவர் விட்டுச் சென்ற கணக்கைச் சுமக்கத் தோள் கொடுப்பதும் அந்தப் பொறுப்பில் அடங்கும்.

மழையில் நனைந்து நடந்த மக்களுக்கு வாக்குச் சீட்டு இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கைக்கு அது வந்தது. அரிதாய்க் கிடைத்த பொருளை அளவறிந்து கையாள்வதே அதைப் பெற்றுத் தந்தோர்க்கு நாம் செய்யும் கைம்மாறு.